குளிர்ந்த கடலை அளந்த ஹம்போல்ட்

உஷ்ணப் பிரதேசத்துக் கடலில் கையை வைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள பெரு நாடு பூமத்திய ரேகையை ஒட்டியது. ஆனால் அந்தக் கரையோரக் கடல் ஜில்லென்று இருக்கிறது! 1802-ல் உஷ்ணமானியை விட்டு இந்தக் குளிரை முதன்முதலாக அளந்தவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். அந்த நீரோட்டத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஹம்போல்ட் 1769 செப்டம்பர் 14-ந் தேதி பெர்லின் நகரில் பிறந்தார். தகப்பனார் ராணுவ அதிகாரி. மகனுக்கு ஒன்பது வயதாகும்போதே அவர் காலமாகிவிட்டார். தாயார் பணக்காரி. பிள்ளை சர்க்கார் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பிள்ளைக்கோ செடி, பூச்சி, கல் இவற்றின் மேல்தான் கண். ஆனாலும் தாயார் சொல்லைத் தட்டாமல் சுரங்க இலாகாவில் சேர்ந்தார்.

1796-ல் தாயார் இறந்தார். பெரிய சொத்து கைக்கு வந்தது. ஹம்போல்ட் உத்தியோகத்தை உதறினார். கருவிகளை வாங்கிக் குவித்தார். 1799 ஜூன் மாதம், பான்பிளான் என்ற பிரெஞ்சு நண்பருடன் ஸ்பெயின் நாட்டிலிருந்து கப்பல் ஏறினார்.

காட்டாறுகளில் படகில் போனார். சிம்பொராசோ மலையில் 18,000 அடிக்கு மேல் ஏறினார். பிறகு கீழே இறங்கி, பெருவின் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே கடலில் உஷ்ணமானியை இறக்கினார். சுமார் 16 டிகிரி சென்டிகிரேட் காட்டியது. கரையை விட்டு வெகுதூரம் போனால் 26 டிகிரிக்கும் மேல். தென் துருவப் பக்கத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஓடி வருகிறது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதி உண்மை. மறு பாதியைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். கரையை ஒட்டித் தெற்கிலிருந்து காற்று வீசுகிறது. பூமி சுழல்வதால், மேல் தண்ணீர் கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது.

அந்த அடித்தண்ணீர் வயலுக்கு எரு போன்றது. அதை உண்டு, கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகுகின்றன. பாசியைத் தின்னச் சின்னஞ்சிறு ஜீவன்கள் கூடுகின்றன. கடுகு போன்ற பூச்சிகள், குட்டி இறால் போன்றவை, மீன் குஞ்சுகள் எல்லாம் அதில் உண்டு. தண்ணீர் போன போக்கில் மிதப்பதால் இவற்றுக்குப் பிளாங்க்டன் என்று பெயர். நெத்திலிக்கு இவைதான் முக்கிய ஆகாரம். நெத்திலியைத் தின்னப் பறவைகள் லட்சக்கணக்கில் வருகின்றன. பறவை எச்சம் தீவுகளில் மலையாகக் குவிகிறது. குவானோ என்ற அந்த உரம் ஏற்றிய படகு பக்கத்தில் வந்தாலே ஹம்போல்டுக்குத் தும்மல் வந்துவிடுமாம்! தும்மலோடு விட்டாரா? அதில் கொஞ்சம் ஐரோப்பாவுக்கு எடுத்துப் போய்ப் பரிசோதிக்கச் செய்தார்.

பெருவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். காற்று பலமாக வீசும். அடித்தண்ணீர் நிறைய மேலே வரும். டிசம்பரில் கோடை பிறந்ததும் காற்று தணியும். நடுக்கடலின் வெதுவெதுப்பான தண்ணீர் கரையை நெருங்கும். தண்ணீர் மாறினால் மிதக்கும் கூட்டமும் மாறும். குளிரில் வாழ்பவை ஒதுங்கும். வெப்பத்தில் வாழும் பொடி இனங்கள் வந்து சேரும். நெத்திலியும் மீனவர் பிழைப்பும் இந்த மாற்றத்தைப் பொறுத்தவை.

1804-ல் ஹம்போல்ட் ஐரோப்பா திரும்பினார். சொத்து முழுவதையும் பிரயாணத்துக்கும் புத்தகம் அச்சிடுவதற்குமே செலவழித்தார். இந்தியாவுக்கு வரவும் ஆசைப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி தரவில்லை. அவர் வந்திருந்தால் நம் கடலையும் அளந்திருப்பார்!

1840-ம் ஆண்டு வாக்கில், தேசப்படம் வரையும் பெர்க்ஹவுஸ் அந்த நீரோட்டத்துக்கு ஹம்போல்ட் பெயரைச் சூட்டினார். ஹம்போல்ட் ஆட்சேபித்தார். சிலி முதல் பைட்டா துறைமுகம் வரை, மீனவச் சிறுவர்களுக்கெல்லாம் 300 ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம் அது. தாம் செய்தது உஷ்ணத்தை அளந்தது மட்டுமே என்றார். உலகப் புகழ் பெற்ற மனிதர் இப்படிச் சொன்னது சாதாரணமல்ல. ஆனால் யாரும் கேட்கவில்லை. பெயர் நிலைத்துவிட்டது. 1859 மே 6-ந் தேதி, 89-வது வயதில் அவர் காலமானார்.

சில ஆண்டுகளில் கோடை வெப்பம் எல்லை மீறிவிடும். குளிர்ந்த தண்ணீர் மேலே வராது, பிளாங்க்டன் குறையும், நெத்திலி மறையும். 1970-ல் பெரு 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல் நெத்திலி பிடித்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததோடு 1972-ல் இந்த வெப்பமும் சேர்ந்துகொண்டது. 1973-ல் கிடைத்தது 20 லட்சம் டன்னைக்கூடத் தொடவில்லை. படகுகள் கரையில் நின்றன. பறவைகள் பட்டினியால் செத்தன.

இந்த வெப்பத்துக்கு எல் நினோ என்று பெயர். கிறிஸ்துமஸ் சமயத்தில் வருவதால், குழந்தை இயேசுவை நினைத்து வைத்த பெயர் அது. வைத்தவர்கள், ஹம்போல்ட் குறிப்பிட்ட அதே பைட்டாவின் கடலோடிகள்.