முன்சீஃப் இருக்கையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை: நீதியரசர் ஏ. வரதராஜன்

மண்ணூர், ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆகிய ஊர்களைச் சுற்றி இன்று தொழிற்சாலைச் சுவர்கள் நிற்கும் மண், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வேண்டும் என்று 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை அளித்ததும் இந்த மாவட்டத்தைப் பற்றியே. அதன் பயனாகப் பிறந்த பஞ்சமி நிலத்தை மீட்க ஒருவர் வழக்குத் தொடுத்தால், அது செல்லக்கூடிய நீதித்துறைப் படிகள் முன்சீஃப் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என ஐந்து. இந்த ஐந்து படிகளிலும் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்த முதல் தலித், அப்பாஜி வரதராஜன்.

1920 ஆகஸ்ட் 17 அன்று, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் சோலையார்பேட்டையில் பிறந்தார். சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்று 1944இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். கட்சிக்காரர்களைக் கொண்டுவரும் குடும்பத் தொடர்போ, மூத்த வழக்கறிஞர்களின் அறைகளில் உறவுமுறையோ இல்லாதவர்களுக்கு வழக்கறிஞர் தொழில் இன்றும் எளிதன்று. அன்றைய நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தே ஆண்டுகளில், 1949இல், அவர் மாவட்ட முன்சீஃப் ஆனார்.

அந்த ஆண்டு கவனிக்கத்தக்கது. 1949 டிசம்பரில் சென்னை மாகாணத் தேர்வாணையம் 83 முன்சீஃப் பணியிடங்களை அறிவித்தபோது, வகுப்புவாரி அரசாணைப்படி 19 இடங்கள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன. வெங்கடரமணா என்பவர் தொடுத்த வழக்கில், 1951இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பங்கீட்டின் பெரும்பகுதியை நீக்கிவிட்டது. ஆனால் தாழ்த்தப்பட்டோர்க்கும் பிற்படுத்தப்பட்டோர்க்குமான ஒதுக்கீடு அரசியலமைப்பின் 16(4) பிரிவின்படி செல்லும் என்றது. ஆக, நீதித்துறையின் கீழ்ப்படியில் எண்ணிக்கை உறுதிசெய்யப்பட்டிருந்தது. மேற்படிகளில், அதாவது உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும், அத்தகைய உறுதி எதுவும் இல்லை. இன்றும் இல்லை.

வரதராஜனின் வாழ்க்கை இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் நடந்தது. 1957இல் சார்பு நீதிபதி, 1968இல் மாவட்ட நீதிபதி. 1973 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் கூடுதல் நீதிபதியானபோது அவருக்கு வயது 52. அவ்வுயர் நீதிமன்றம் 1862இல் தொடங்கியது. ஒரு தலித் அங்கே நீதிபதியாக 111 ஆண்டுகள் ஆயின. கொலீஜியம் என்னும் முறை உருவாவதற்கு இருபது ஆண்டுகள் முந்தைய காலம் அது. நீதிபதி நியமனத்தில் மாநில அரசின் கருத்துக்கு எடை இருந்தது. முதலமைச்சராக இருந்தவர் மு. கருணாநிதி. அரசியல் விருப்பம் இன்றி அந்தக் கதவு திறந்திருக்கும் என்று நம்புவதற்கு அதற்கு முந்தைய வரலாறு இடம் தரவில்லை.

1980 டிசம்பர் 10 அன்று அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். குடியரசின் உச்ச நீதிமன்றம் தோன்றி அப்போது முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

தலித் உரிமை குறித்த புகழ்பெற்ற தீர்ப்பு எதுவும் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவதில்லை. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. இடஒதுக்கீடு குறித்த வசந்தகுமார் வழக்கை 1985இல் விசாரித்த ஐவர் அமர்வில் அவர் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எந்த வழக்கு யாரிடம் போகும் என்பதை முடிவு செய்பவர் தலைமை நீதிபதி. அதோடு, பிற சாதி நீதிபதிகளிடம் கேட்கப்படாத கேள்வியை அவரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

அவர் பங்கேற்ற சார்தா வழக்கின் தீர்ப்பை, 1984இல் வந்தது, சட்ட மாணவர்கள் அனைவரும் படிக்கிறார்கள். புனேயில் நஞ்சால் இறந்த இளம் மனைவியின் கணவனுக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஃபஸல் அலி, வரதராஜன், சப்யசாசி முகர்ஜி ஆகிய மூவர் அமர்வு அவரை விடுவித்தது. சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க வேண்டுமானால் சங்கிலியின் ஒரு கண்ணிகூட விடுபடக்கூடாது என்பதை ஐந்து விதிகளாக அத்தீர்ப்பு வகுத்தது. நேரில் கண்ட சாட்சி இல்லாத வழக்கில் சிக்கவைக்கப்படும் ஏழைக்கு இன்றும் அது கேடயம்.

நீதிபதிகளை மக்களோ சட்டமன்றமோ தேர்ந்தெடுத்தால் நிலைமை மாறுமா என்று நம் கூட்டங்களில் அவ்வப்போது கேட்கப்படுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அம்முறை உண்டு. தென் கரோலினாவில், அடிமைமுறை ஒழிந்த சில ஆண்டுகளில், கறுப்பின உறுப்பினர்கள் நிறைந்த சட்டமன்றம் ஜொனாதன் ஜாஸ்பர் ரைட் என்னும் கறுப்பின வழக்கறிஞரை 1870இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. வெள்ளையர் ஆதிக்கம் திரும்பியதும் 1877இல் அவர் விலக நேர்ந்தது. அதே இருக்கைகளில் அடுத்த கறுப்பினத்தவராக எர்னெஸ்ட் ஃபின்னி தேர்ந்தெடுக்கப்பட்டது 1985இல். தேர்தல் திறந்த கதவைத் தேர்தலே நூறாண்டுக்கு மேல் மூடிவைத்தது.

அதே 1985இல், ஆகஸ்ட் 16 அன்று, வரதராஜன் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் பி.சி. ராய், கே. ராமசாமி, கே.ஜி. பாலகிருஷ்ணன் என ஒரு சிலரே அங்கே வந்தனர். உயர் நீதிமன்றங்களின் கணக்கும் வேறன்று: 2018 முதல் நியமிக்கப்பட்ட 715 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22 பேர் என்று 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

வரதராஜன் 2009 அக்டோபர் 15 அன்று காலமானார். அப்போது இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்தவர் பாலகிருஷ்ணன். அவர் 2010 மே மாதம் ஓய்வு பெற்றபின், 2019 மே மாதம் பி.ஆர். கவாய் பதவியேற்கும் வரை, ஒன்பது ஆண்டுகள் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதிகூட இல்லை.