மூக்கை அளந்த துரை

ஆலையிலே பிட்டர் வேலை பார்க்கும் தோழர்களுக்குக் காலிப்பர் என்றால் தெரியும். இரும்புத் தண்டின் கனத்தை அளக்கும் கருவி. அத்தகைய கருவியை எடுத்து மனிதர் மூக்கை அளந்தார் ஒரு துரைமகனார். எட்கர் தர்ஸ்டன் என்பது அவர் பெயர்.

1855-இல் இங்கிலாந்தில் பிறந்தார், மருத்துவம் படித்தார், 1885-இல் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்றார். இராமேசுவரத்துக் கடலுயிர்களை முதலில் ஆராய்ந்தவரின் பார்வை, பிறகு மனிதர்மீது திரும்பிற்று. அருங்காட்சியகத்தை வேடிக்கை பார்க்க வந்த ஏழை எளியவரை அளந்தார். ஊர் ஊராகச் சென்றும் அளந்தார். காவல் துறையினருக்கும் அந்த வித்தையைக் கற்பித்தார். ரங்காச்சாரி துணையோடு, தென்னாட்டுச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். நம் மதுரைச் சீமையின் கள்ளரும் மறவரும் பட்டுநூல்காரரும் அதில் இடம்பெற்றனர்.

அளந்தது ஏன்? மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். அந்த எண் ஏற ஏறச் சாதி இறங்கும் என்று வங்கத்திலே கொள்கை வகுத்தார் ரிஸ்லி என்ற அதிகாரி. உடல் வேற்றுமைக்குக் காரணம் மாறாத இனம் என்பதே அந்தக் காலத்து ஞானம்!

மக்களின் பழக்க வழக்கங்களைத் தர்ஸ்டன் உழைத்துத் திரட்டினார். அதை நாம் மறுக்கவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை அவர் இயற்றவுமில்லை. ஆனால், பிறப்பிலேயே குணம் படிந்திருக்கிறது என்ற எண்ணம் அளவுகோலுக்கும் கைரேகைப் பதிவேட்டுக்கும் பொதுவானது அல்லவா? உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கி வெடித்தது. பெண்ணொருத்தி உட்பட பதினாறு உயிர்கள் மாண்டன. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

கொள்கை என்னவாயிற்று? குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குத் தலையின் வடிவமே மாறுகிறது என்று அமெரிக்காவில் போவாஸ் 1911-இல் காட்டினார். மூக்குக்கும் சாதிப் படிக்கும் சென்னை மாகாணத்தில் பொருத்தமில்லை என்று 1932-இல் குரியே எடுத்துரைத்தார். வெயிலுக்கேற்பத் தோல் கறுத்தது. காற்றின் வெப்பமும் ஈரமும் மூக்கின் அகலத்தில் பங்கு கொண்டன. இது இன்றைய அறிவியல்.

தர்ஸ்டன் 1935-இல் மறைந்தார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன், மதுரைக்கு மேற்கே உள்ள சிற்றூர்களில் மக்களின் இரத்தத்தை ஆராய்ந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட ஆதி மனிதரின் தடம் அதிலே கிடைத்தது. குற்றப் பரம்பரை என்று சட்டம் முத்திரை குத்திய அதே மண்ணிலே, மனித குலம் முழுவதும் ஒரே பரம்பரை என்பதற்குச் சான்று!

காலிப்பர் இரும்பை அளக்கட்டும், தோழர்களே. மனிதனை அளக்க அதற்கு உரிமையில்லை.