பதக்கம் பெற்ற தளபதிக்குத் தூக்குக் கயிறு!

சிவகாசியில் இருந்து மேற்கே போனால் திருவில்லிபுத்தூர். அதைத் தாண்டி வத்திராயிருப்பு. அந்த வட்டாரத்தில் கான்சாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கான்சாகிப்பின் பெயரால் வந்த ஊர் அது. கான்சாகிப்பின் கல்லறை மதுரையில் இருக்கிறது. ஆனால் அதில் அவருடைய முழு உடல் இல்லை என்கிறார்கள்!

யார் இந்தக் கான்சாகிப்?

ராமநாதபுரம் சீமையில் பனையூர். அங்கே ஒரு வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் மருதநாயகம் என்று சொல்வார்கள். இளம் வயதிலேயே வீட்டை விட்டுப் போனார். இஸ்லாம் மதத்தில் சேர்ந்து, முகமது யூசுப்கான் ஆனார். பிறகு சிப்பாய் ஆனார்.

அப்போது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தமிழ்நாட்டில் மோதிக் கொண்டிருந்தார்கள். யூசுப்கான் ஆங்கிலக் கம்பெனியின் படையில் இருந்தார். திருச்சியில் பெரும் போர். படைக்கு அரிசி வரவேண்டும். வழி எல்லாம் எதிரிகள். அந்த வழியிலும் உணவு வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார் யூசுப்கான். தளபதி லாரன்சு அசந்து போனார். கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் அனைவருக்கும் யூசுப்கானே தலைவர் ஆனார். தங்கப் பதக்கமும் கொடுத்தார்கள்.

1758-ம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி, சென்னைக் கோட்டையை முற்றுகை இட்டார். தெற்கே இருந்து படையோடு வந்தார் யூசுப்கான். கோட்டைக்கு வெளியே சுற்றித் திரிந்து, பிரெஞ்சுக்காரருக்கு உணவு போகாமல் தடுத்தார். இரண்டே மாதத்தில் லாலி திரும்பிப் போனார்.

மதுரையை ஆண்டார்

பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் அவர் கைக்கு வந்தன. குளங்களைப் பழுது பார்த்தார். திருடர் பயத்தை ஒழித்தார். மீனாட்சி அம்மன் கோவில் இழந்த மானியங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

கம்பெனிக்காகப் பூலித்தேவரின் கோட்டைகளை 1761-ல் பிடித்தவரும் இவர்தான். தென்னாட்டார் அதை எளிதில் மன்னிக்கவில்லை. அதிலும் நியாயம் உண்டு.

யூசுப்கானின் புகழ் ஆர்க்காடு நவாபு முகமது அலிக்குப் பிடிக்கவில்லை. அவர் தனக்குக் கீழே வேலைக்காரராக இருக்கவேண்டும் என்றார் நவாபு. கம்பெனியும் ஆமாம் போட்டது. யூசுப்கான் பணியவில்லை. மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்!

1763-ல் கம்பெனிப் படையும் நவாபு படையும் மதுரையைச் சூழ்ந்தன. கோட்டை விழவில்லை. மழை வந்தது, படை பின்வாங்கியது. மறு ஆண்டு மீண்டும் வந்தார்கள். 1764 ஜூன் 26-ந்தேதி மதில் மீது ஏறிப் பாய்ந்தார்கள். அன்றும் தோல்வி! பீரங்கியால் முடியாததைப் பசியால் முடிக்க நினைத்தார்கள். எல்லா வழிகளையும் அடைத்தார்கள். கோட்டைக்குள் உணவு குறைந்தது. மனைவி மாசாவும் சின்னஞ்சிறு மகனும் உள்ளேதான் இருந்தார்கள்.

தொழுகை நேரத்தில்...

அக்டோபர் 13-ந்தேதி. யூசுப்கான் தொழுது கொண்டிருந்தார். கையில் ஆயுதம் இல்லை. திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாகிப், பிரெஞ்சு அதிகாரி மர்ச்சாந்து ஆகியோர் ஆட்களுடன் அவர் மேல் பாய்ந்து கட்டினார்கள். அவருடைய சோற்றைத் தின்றவர்கள்! எதிரியிடம் ஒப்படைத்தும் விட்டார்கள்.

அக்டோபர் 15-ந்தேதி, மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் நவாபு அவரைத் தூக்கில் போட்டார். பதக்கம் கொடுத்த கம்பெனி தடுக்கவில்லை.

இரண்டு முறை கயிறு அறுந்தது, மூன்றாவது முறைதான் உயிர் போனது என்பது மக்கள் சொல்லும் கதை. செத்த பிறகும் பயம் விடவில்லையாம். தலையைத் திருச்சிக்கும், கைகால்களைப் பாளையங்கோட்டை, தஞ்சாவூர், பெரியகுளம் போன்ற ஊர்களுக்கும் அனுப்பினார்களாம்.

எஞ்சிய உடலைச் சம்மட்டிபுரத்திலேயே புதைத்தார்கள். 44 ஆண்டுகள் கழித்து, 1808-ல், சேக் இமாம் என்பவர் அந்த இடத்தில் சிறிய பள்ளிவாசல் ஒன்றைக் கட்டினார். கான்சாகிப் பள்ளிவாசல் என்று அதற்குப் பெயர்.