மேடைப் பேச்சுக்கு வழி திறந்தவர்



ஜவ்வாது மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூரில் படித்தாலும் சரி, சென்னையில் படித்தாலும் சரி, பேச்சுப் போட்டி என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மேடையில் ஏறுகிறீர்கள். அவையோருக்கு வணக்கம் சொல்கிறீர்கள். கொடுத்த தலைப்பில் கடகடவென்று தமிழில் பேசி, கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்குகிறீர்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இப்படிப் பேசுவது நம்மிடையே மிக அரிது என்றால் நம்புவீர்களா? இந்தப் பழக்கம் வளர்ந்த வழியைத் தேடிப் போனால், அது தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் கொண்டுபோய் விடும். அங்கே நாம் சந்திக்கிற மனிதர்தான் ஆறுமுக நாவலர்.

இலங்கையில், யாழ்ப்பாணத்தை அடுத்த நல்லூரில் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி ஆறுமுகம் பிறந்தார். தந்தை கந்தப்பிள்ளை, தாய் சிவகாமி. தந்தை தமிழில் நாடகங்கள் எழுதியவர். ஆறுமுகத்துக்கு ஒன்பது வயது இருக்கும்போது அவர் இறந்துபோனார். அவர் பாதியில் விட்டுப்போன நாடகத்தை அந்தச் சிறுவனே எழுதி முடித்தான் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஆங்கிலம் படிக்க வேண்டுமானால் பாதிரிமார் நடத்திய பள்ளிக்குத்தான் போக வேண்டும். ஆறுமுகமும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். படிப்பை முடித்ததும் அங்கேயே ஆசிரியரானார். பள்ளியை நடத்திய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் அப்போது பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். ஆறுமுகத்தின் தமிழ்ப் புலமையைப் பார்த்து, அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

அங்கேதான் ஆறுமுகம் ஒன்றைக் கவனித்தார். தேவாலய வழிபாட்டில் பாதிரியார் வேதத்திலிருந்து ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வார். கூடியிருப்பவர்களைப் பார்த்து, அவர்களுக்குப் புரியும் பேச்சில் அதை விளக்குவார். எப்படி வாழ வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்வார். பிரசங்கம் அந்த வழிபாட்டின் ஒரு பகுதி.

நம் கோயில்களில் இருந்த வழக்கம் வேறு. ஒருவர் புராணத்தை ராகத்தோடு படிப்பார். இன்னொருவர் பாட்டுக்குப் பாட்டு பொருள் சொல்வார். அதுவும் அருமையான கலைதான். ஆனால் பேச்சு அந்த நூலை ஒட்டியே போகும்.

ஆறுமுகம் சிவபக்தர். தன் ஊரில் பலர் மதம் மாறுவதைப் பார்த்து வருந்தினார். சைவ சமயத்தைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லையே என்று எண்ணினார். தேவாலயத்தில் கண்ட அதே முறையைக் கோயிலுக்குக் கொண்டு வந்தால் என்ன?

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் அவருடைய முதல் பிரசங்கம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 25. அதன்பிறகு வெள்ளிதோறும் மாலையில் பேச்சு தொடர்ந்தது. நண்பர் கார்த்திகேய ஐயரும் சேர்ந்து பேசினார். கொலை செய்யாமை, களவு செய்யாமை, மது குடிக்காமை, தருமம், சிவ வழிபாடு என்று தலைப்புகள் நீண்டன.

அவருடைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பகலில் மிஷன் பள்ளியில் வேலை, பைபிள் மொழிபெயர்ப்பு. வெள்ளி மாலையில் கோயிலில் சைவப் பிரசங்கம். இரண்டு பக்கமும் எத்தனை நாள் நிற்க முடியும்? 1848-இல் சம்பளம் தந்த வேலையை விட்டார். அதே ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை என்ற பள்ளியைத் தொடங்கினார். அவர் உழைத்த பைபிள் மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சாகி வெளிவந்தது.

1849-இல் அச்சு இயந்திரம் வாங்கத் தமிழகம் வந்தார். மயிலாடுதுறை அருகே உள்ள திருவாவடுதுறை ஆதீனத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். பேச்சைக் கேட்டு வியந்த ஆதீனம் 'நாவலர்' என்ற பட்டத்தைக் கொடுத்தது. நாவன்மை உடையவர் என்று பொருள். அந்தப் பட்டமே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

பேசியதோடு அவர் நிற்கவில்லை. மாணவர்களுக்காகப் பாலபாட நூல்களை எழுதினார். பெரியபுராணத்தை எளிய உரைநடையில் தந்தார். 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளியை நிறுவினார். 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, 56 வயதில் மறைந்தார்.

வழிபாட்டிலிருந்து பேச்சுக்கலை வளர்வது நம்மிடம் மட்டும் நடந்ததல்ல. பழைய கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத்தைப் பாருங்கள். போரில் இறந்த வீரர்களின் எலும்புகளை ஊரே கூடி ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்வார்கள். அந்தச் சடங்கில், நகரம் தேர்ந்தெடுத்த ஒருவர் இறந்தவர்களைப் புகழ்ந்து பேச வேண்டும். அதிலிருந்து ஒரு தனிப் பேச்சு முறையே உருவாயிற்று. கி.மு. 431-இல் பெரிக்ளிஸ் என்ற தலைவர் ஆற்றிய அப்படிப்பட்ட பேச்சைப் பற்றி உலகம் இன்றும் படிக்கிறது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாச் சாதியினரும் கோயிலுக்குள் போக முடியாது. நாவலரும் அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டே இருந்தார். அதனால் கோயிலுக்குள் ஒலித்த நல்ல பேச்சு, வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கு எட்டவில்லை.

அவர்களையும் தேடிப் பேச்சு போவதற்குக் காலம் பிடித்தது. 1908-இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் திறந்த வெளிக் கூட்டங்களில் தமிழில் முழங்கினார்கள். ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு வந்து கேட்டார்கள். அந்தக் கூட்டங்களுக்குக் கதவும் இல்லை, காவலும் இல்லை.

அடுத்த முறை மேடை ஏறும்போது நாவலரை நினைத்துக்கொள்ளுங்கள், தம்பி, தங்கைகளே. கூட்டத்தின் கடைசி வரிசையையும் ஒருமுறை பாருங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் உங்கள் பேச்சு கேட்க வேண்டும் அல்லவா?