கிட்டார் வாசிக்கத் தெரியாத லியோ ஃபெண்டர்

மின்சார பேஸ் கிட்டாரை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றவர் லியோ ஃபெண்டர். ஆனால் அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது; சுருதி சேர்க்கவும் தெரியாது. அவர் காலத்தில் செய்யப்பட்ட பேஸ் கிட்டார்கள் இன்று பெரும் விலைக்குக் கைமாறுகின்றன. வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, அது எந்த மாடல், எந்த ஆண்டில் செய்தது என்பதைத்தான். அதற்கு விடை காண, அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது பெரிதும் உதவும்.

1909 ஆகஸ்ட் 10ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே நோயினால் ஒரு கண்ணை இழந்து, கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டார். வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பதில் அவருக்கு அலாதி ஆர்வம். ஆனால் படித்தது கணக்கியல்.

பொருளாதார மந்த காலத்தில் கணக்காளர் வேலை பறிபோனது. 1938இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்தார். பழுதான ஒலிபெருக்கிகளையும் கிட்டார்களையும் இசைக் கலைஞர்கள் அங்கே கொண்டு வந்தனர். அவர்களின் சிரமங்களைக் கேட்டுக் கேட்டே அவர் கருவிகள் செய்யத் தொடங்கினார்.

அக்காலத்தில் இசைக்குழுவின் தாழ்ந்த சுருதிக்கு ஆளுயர டபுள் பேஸ்தான் இருந்தது. தூக்கிச் செல்வது பெரும்பாடு. மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அதன் ஒலி அமுங்கிப் போகும். விரல் வைக்கும் இடத்தைக் காட்டப் பலகையில் கட்டைகளும் கிடையாது. 1951இல் ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் இந்த மூன்று குறைகளையும் தீர்த்தது. தோளில் மாட்டிக்கொள்ளலாம், மின்சாரத்தால் ஒலி கூடும், உலோகக் கட்டைகள் இருப்பதால் சுரம் பிசகாது. பிரிசிஷன், அதாவது துல்லியம், என்ற பெயர் வந்ததும் அதனால்தான்.

பழுதுபார்ப்பவரின் கண்ணோட்டத்திலேயே அவர் எதையும் செய்தார். கிட்டாரின் கழுத்தைப் பசையால் ஒட்டாமல் நான்கு திருகுகளால் உடலோடு முடுக்கினார். கழுத்து வளைந்தால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். ஒரே கருவியில் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் பாகங்கள் இருக்கக்கூடும் என்பதற்கும் அதுவே காரணம்.

ஆகவே வரிசை எண்ணை மட்டும் நம்பி வயதைச் சொல்ல முடியாது. எண் பொறித்த தகடுகளைத் தொழிற்சாலையில் வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை. கழுத்தைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியில் தேதி இருக்கலாம். 1960களின் தொடக்கம் வரை அது பென்சிலால் எழுதப்பட்டது. பிறகு முத்திரையாகக் குத்தப்பட்டது. அதுவும் கழுத்து செய்த தேதிதான். கிட்டாரைப் பூட்டி முடித்த தேதியன்று.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் உள்ள மின்பாகத்திலும் எண் உண்டு. உதாரணமாக 1376324 என்றால், முதல் மூன்று இலக்கங்கள் அதைத் தயாரித்த நிறுவனம். அடுத்த இரண்டு 1963ஆம் ஆண்டு. கடைசி இரண்டு 24ஆவது வாரம். அந்தப் பாகம் பிற்பாடு மாற்றப்படாதிருந்தால், கிட்டார் அந்த வாரத்திற்கு முந்தியதாக இருக்க முடியாது. அதற்குப் பிந்தியதாக இருக்கலாம்.

மாடலைத் தோற்றமே காட்டிக்கொடுக்கும். தொடக்ககாலப் பிரிசிஷனுக்குத் தலைப்பகுதி ஒடுங்கியிருக்கும். ஒலியை வாங்கும் பிக்அப் ஒரே துண்டு. 1957 முதல் தலைப்பகுதி அகன்றது. பிக்அப் இரண்டு துண்டாகப் பிரிந்தது. மெலிந்த கழுத்தும் இரண்டு நீளமான பிக்அப்களும் இருந்தால், அது 1960இல் வந்த ஜாஸ் பேஸ் வகை. முதல் ஓரிரு ஆண்டுகளில் செய்த ஜாஸ் பேஸில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய குமிழ்கள் இருக்கும். பிறகு மூன்று தனிக் குமிழ்கள் வந்தன.

இந்த வயதுக் கணக்கில் மிக முக்கியமான ஆண்டு 1965. நீண்ட நாள்களாகத் தீராத கிருமித் தொற்றால் அவதிப்பட்ட ஃபெண்டர், தமக்கு ஆயுள் அதிகமில்லை என்று நம்பினார். அந்த ஆண்டு ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனத்திற்கு 13 மில்லியன் டாலருக்குத் தொழிலை விற்றார். அதன்பின் வேறு மருத்துவரின் சிகிச்சையில் நோய் குணமானது. ஆனால் அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் அவர் கையில் இல்லை.

விற்பனைக்கு முந்திய கருவிகளுக்கே சந்தையில் மதிப்பு அதிகம். 1965க்குப் பின் கழுத்துத் தகட்டில் பெரிய எஃப் எழுத்து பொறிக்கப்பட்டது. 1976இல் வரிசை எண் தலைப்பகுதிக்கு இடம் மாறியது. இரண்டுமே எளிதில் கண்ணில் படும் அடையாளங்கள். ஒரு தகடு, ஒரு தேதி, ஒரு குமிழ் என்று தனித்தனியே பார்த்து முடிவுக்கு வராமல், எல்லாமே ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே ஏமாறாமலிருக்க வழி.

ஃபெண்டர் ஓய்ந்துவிடவில்லை. மியூசிக் மேன், ஜி அண்ட் எல் ஆகிய நிறுவனங்களின் வழியே புதிய கருவிகளைத் தொடர்ந்து வடிவமைத்தார். முதுமையில் பார்க்கின்சன் நோய் வந்தபோதும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21ஆம் தேதி, 81ஆவது வயதில் அவர் காலமானார். தமக்கு ஆயுள் முடிகிறது என்று எண்ணித் தொழிலை விற்று அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.