புகையைப் பிடித்து வேலை வாங்கிய என்ஜினீயர்

மரக்காணம் உப்பளத்தில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுகிறது. டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்துகிறார். லாரி முதலில் முனகுகிறது. ஒன்றிரண்டு விநாடி கழித்து மெல்லிய விசில் சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகுதான் பார வண்டி வேகம் பிடிக்கிறது.

அந்த விசில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சக்கரத்தின் சத்தம். அது இருக்கும் கருவிக்கு டர்போ சார்ஜர் என்று பெயர். அதைக் கண்டுபிடித்தவர் ஆல்பிரட் பியூக்கி. சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர்.

அந்த ஒன்றிரண்டு விநாடித் தாமதம் லாரிக்காரருக்குப் பெரிதல்ல. பந்தயக் கார் ஓட்டுகிறவருக்கோ அது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் விஷயம். அந்தத் தாமதத்தைக் குறைக்கும் வழியும் பியூக்கி செய்த வேலையிலேயே இருந்தது.

தொழிற்சாலைக்காரர் மகன்

1879-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி, வின்டர்தூர் என்ற ஊரில் பியூக்கி பிறந்தார். ஊர் முழுவதும் எந்திரத் தொழிற்சாலைகள். தந்தை ஜோகன் பியூக்கி, சுல்சர் என்ற பெரிய கம்பெனியில் உயர்ந்த பதவியில் இருந்தார். மகன் எந்திரப் படிப்புக்குப் போனதில் வியப்பில்லை. சூரிச் நகரில் உள்ள தொழில் நுட்பக் கல்லூரியில் 1899-ல் சேர்ந்தார். 1903-ல் பட்டம் பெற்றார். பிறகு பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார்.

வாலிப என்ஜினீயரின் மனதை ஒரு கணக்கு உறுத்திக் கொண்டே இருந்தது. என்ஜினில் 100 ரூபாய்க்கு எண்ணெய் ஊற்றினால், சுமார் 30 ரூபாய் சூடான புகையாக வெளியே போய்விடுகிறது. இன்னொரு பங்கு என்ஜினைக் குளிர வைப்பதில் போகிறது. வண்டியை இழுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். வீணாகப் போகிற புகையைப் பிடித்து வேலை வாங்கினால் என்ன?

அவர் கண்ட வழி இதுதான். புகை வெளியேறும் பாதையில் ஒரு சக்கரத்தை வைக்க வேண்டும். புகை வேகமாக மோதி அதைச் சுழற்றும். அதே அச்சின் மறு முனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக் காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகமாகப் போனால் எண்ணெயையும் அதிகமாக எரிக்கலாம். என்ஜினைப் பெரிதாக்காமலே அதன் பலம் கூடும்.

1905-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அவருடைய யோசனை ஜெர்மனியில் பதிவாயிற்று. அப்போது அவருக்கு வயது 26.

இருபது ஆண்டுக் காத்திருப்பு

யோசனை காகிதத்தில் அழகாக இருந்தது. இரும்பில்தான் வரவில்லை. கொதிக்கும் புகையில் நாள் முழுவதும் சுழலக்கூடிய உலோகம் அந்தக் காலத்தில் அரிது. பியூக்கி சொந்த ஊர் திரும்பி, சுல்சர் கம்பெனியில் சேர்ந்தார். 1911-ல் சோதனைகள் தொடங்கின. 1915-ல் மாதிரி என்ஜின் ஒன்று ஓடியது. ஆனால் காற்றின் அழுத்தம் நிலைத்து நிற்கவில்லை. இது உதவாது என்று சொன்னவர்கள் பலர்.

இதற்கிடையே முதல் உலகப் போர் மூண்டது. உயரத்தில் காற்று மெலிந்து விடுவதால் ஆகாய விமான என்ஜின்கள் பலம் இழந்தன. பிரான்சில் ராட்டோ என்பவரும், அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பவரும் புகைச் சக்கரத்தை விமானத்துக்குப் பொருத்திப் பார்த்தார்கள். மாஸ் 1918-ல் ஒரு விமான என்ஜினைச் சுமார் 14 ஆயிரம் அடி உயர மலை உச்சிக்கே கொண்டு போய்ச் சோதித்தார். அங்கேயும் என்ஜின் பலம் குறையவில்லை.

பியூக்கிக்கு வெற்றி வந்தது கப்பலில். பிராய்சன், ஹன்சஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணக் கப்பல்களுக்கு, 1920-களின் நடுவில் அவருடைய மேற்பார்வையில் டர்போ சார்ஜர் பொருத்தப்பட்டது. 1,750 குதிரை சக்தி கொண்ட டீசல் என்ஜின் 2,500 குதிரை சக்தி கொடுத்தது. அதற்கு முன் பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

குழாயில் இருந்த சூட்சுமம்

1925-ல் பியூக்கி இன்னொரு முறையைப் பதிவு செய்தார். அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் இதில்தான் தெரிகிறது.

என்ஜினில் பல சிலிண்டர்கள் உண்டு. ஒவ்வொன்றும் முறை வைத்துக்கொண்டு 'புஸ்', 'புஸ்' என்று புகையைத் தள்ளும். எல்லாப் புகையையும் ஒரே அகலக் குழாயில் விட்டால் என்ன ஆகும்? திருவிழாக் கூட்டம் முழுவதும் ஒரே வாசலில் நெருக்குவது போல் ஆகும். ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் புகையை எதிர்க்கும். அகலக் குழாயில் வேகமும் கரைந்துவிடும்.

பியூக்கி குழாய்களைப் பிரித்தார். ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாத சிலிண்டர்களைச் சேர்த்து, கூட்டத்துக்கு ஒரு குறுகிய குழாய் வைத்தார். ஒவ்வொரு புகை வீச்சும் முழு வேகத்தோடு சக்கரத்தில் அறைந்தது.

அதற்குப் பிறகு கம்பெனிகள் தேடி வந்தன. பிரவுன் பவரி கம்பெனி அவருடன் கூட்டுச் சேர்ந்தது. கப்பல்களும் ரெயில் என்ஜின்களும் மின்சார நிலையங்களும் அவருடைய முறைக்கு மாறின.

பந்தயத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. 1952-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் போட்டிக்கு, டர்போ பொருத்திய டீசல் கார் ஒன்று வந்தது. கம்மின்ஸ் கம்பெனியின் கார். தகுதிச் சுற்றின் மூலம் புறப்படும் வரிசையில் முதல் இடத்தைப் பிடித்தது. ஆனால் போட்டியில், 200 சுற்றில் 71 சுற்றுதான் ஓடியது. டயரிலிருந்து தெறித்த ரப்பர்த் துகள்கள் காற்று வாயை அடைத்துவிட்டன.

1959-ம் ஆண்டு அக்டோபரில், தம் 80-வது வயதில், பிறந்த ஊரிலேயே பியூக்கி காலமானார். டர்போ பொருத்திய கார் கடைக்கு விற்பனைக்கு வந்தது 1962-ல். அதை அவர் பார்க்கவில்லை.

மஞ்சள் கெண்டி

1977-ல் பிரான்சின் ரெனால்ட் கம்பெனி, பார்முலா 1 பந்தயத்துக்கு முதல் டர்போ காரைக் கொண்டு வந்தது. மஞ்சள் நிறக் கார். அடிக்கடி என்ஜின் கெட்டு வெண்புகை விட்டதால், தேநீர்க் கெண்டி என்று கேலி செய்தார்கள். கெட்டுப்போவது ஒரு தொல்லை. தாமதம் அதைவிடப் பெரிய தொல்லை. வளைவில் வேகத்தைக் குறைத்தால் புகை குறையும், சக்கரம் களைத்துவிடும். மறுபடி அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று பலம் முழுவதும் பாயும். கார் வழுக்கும்.

1979-ல் ரெனால்ட் ஒரே பெரிய டர்போவை எடுத்துவிட்டு, இரண்டு சிறிய டர்போக்களைப் பொருத்தியது. அந்த ஆண்டு ஜூலை 1-ந் தேதி டிஜோன் பந்தயத்தில் ஜபூயி ஓட்டிய மஞ்சள் கார் முதல் பரிசை வென்றது. கேலி நின்றது.

உப்பளத்துக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஆழம் குறைந்த பாத்தி சீக்கிரம் உப்புப் பூக்கும். ஆழமான பாத்தி மெதுவாகப் பூத்தாலும் அதிகம் கொடுக்கும். டர்போவும் அப்படித்தான். சிறிய சக்கரம் உடனே சுழலும். ஆனால் உச்ச வேகத்தில் புகைக்கு வழி போதாமல் மூச்சு முட்டும். பெரிய சக்கரம் பலம் தரும். ஆனால் காக்க வைக்கும்.

ஆகவே, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் ஓட்டுகிறவர் குதிரை சக்தியை மட்டும் பார்த்து டர்போ வாங்கினால் ஏமாந்து போவார். அந்தப் பாதையில் வளைவுகள் அதிகம். மெதுவான வளைவில் என்ஜின் சுற்று எவ்வளவுக்கு இறங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 4,000-க்கு இறங்கினால் 3,500-ல் விழிக்கும் சக்கரம் நல்லது. 5,000-ல் விழிக்கிற சக்கரம், வளைவு தாண்டி எதிராளி முந்திய பிறகுதான் உதவிக்கு வரும். சக்கரத்தின் எடை குறைவாக இருக்க வேண்டும். என்ஜினிலிருந்து சக்கரம் வரையுள்ள குழாய் குட்டையாக இருக்க வேண்டும்.

ரெனால்ட் காருக்கு அந்தச் சிறிய டர்போக்களைச் செய்து கொடுத்தது கே.கே.கே. என்ற ஜெர்மன் கம்பெனி. அதன் கூட்டுறவில் 1982-ல் சென்னையில் டர்போ எனர்ஜி என்ற கம்பெனி தொடங்கப்பட்டது.

சீக்கிரம் சுழலும் டர்போக்களில் ஒரு வகை உண்டு. நத்தைக் கூடு போன்ற அதன் இரும்பு உறையை அறுத்துப் பார்த்தால், உள்ளே நடுவில் ஒரு சுவர் இருக்கும். நாலு சிலிண்டர் என்ஜினில் முதல் சிலிண்டர், நாலாவது சிலிண்டர் இரண்டின் புகையும் சுவருக்கு ஒரு பக்கம் வரும். நடுவில் உள்ள இரண்டின் புகை மறு பக்கம் வரும். ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. 1925-ல் பியூக்கி கப்பல் என்ஜினில் பிரித்துப் போட்ட குழாய்களின் வேலையை, பந்தயக் காரில் அந்தச் சுவர் செய்கிறது.