பால் சிபிஸ்

பால் சிபிஸ் (1911 – 1965) செருமானிய-அமெரிக்கக் கண் மருத்துவர் ஆவார். விழித்திரை விலகலுக்கான அறுவை மருத்துவத்தில் சிலிக்கோன் எண்ணெயைப் பயன்படுத்திய முன்னோடியாக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐக்கிய அமெரிக்காவில் குடியேறினார். அணுகுண்டு வெடிப்பின் ஒளி விழித்திரையைச் சுடுவது குறித்து 1955 இல் வெளியான ஆய்வில் பங்கேற்றார். பின்னர் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றினார்.

சிலிக்கோன் எண்ணெய்

விலகிய விழித்திரையின் மீது வடுப்படலம் படர்ந்து சுருங்கினால், அக்காலத்தில் பார்வையை மீட்பது அரிதாக இருந்தது. சிபிஸ் கண்ணுக்குள் எண்ணெயைச் செலுத்தி, அப்படலத்தைப் பிரித்து, விழித்திரையை அதன் இடத்தில் பொருத்தினார். இம்முறையை 1962 இல் உடன்பணியாற்றியோருடன் சேர்ந்து வெளியிட்டார்.

சிக்கல்கள்

கண்ணில் நெடுநாள் தங்கிய எண்ணெய் கண்புரையையும் கண் அழுத்த நோயையும் உண்டாக்கியது. எண்ணெய் கண்ணின் முன்னறைக்கு வந்து கருவிழியைத் தொட்டபோது, கருவிழி தெளிவிழந்தது. எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறுவதும் உண்டு. இவற்றால், 1965 இல் சிபிஸ் இறந்தபின் அமெரிக்காவில் இம்முறை பெரிதும் கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் ஜான் ஸ்காட் அதனைத் தொடர்ந்து கையாண்டார்.

மறுபயன்பாடு

1970களில் ராபர்ட் மாக்கெமர் உருவாக்கிய, விழிக்கூழ்மத்தை வெட்டி அகற்றும் அறுவை முறை பரவியது. அதனுடன் இணைந்தபோது எண்ணெய்க்கு மீண்டும் இடம் கிடைத்தது. 1994 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. சிக்கல்களைக் குறைப்பதற்காக, விழித்திரை ஒட்டியபின் சில மாதங்களில் எண்ணெயை மற்றோர் அறுவையின் மூலம் அகற்றுவதே இன்றைய பொது வழக்கம். கடினமான விலகல்களில் மட்டும் அது கண்ணிலேயே விடப்படுகிறது. தமிழ்நாட்டில் மதுரையின் அரோலேப் நிறுவனம் இவ்வெண்ணெயைத் தயாரிக்கிறது.